தாக்னியின் குரலில் பேசியவள்

மெரெத்தெ யாரைப் போலவும் பேசிக் காட்டுவாள். ஒருவரை ஒரு வாரம் கவனித்தால் போதும். அவருடைய இழுவை, மூச்சு, கோபம் வந்தால் எந்த எழுத்தை விழுங்குவார் என்பது வரைக்கும் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். லிம் ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் மெரெத்தெதான். பணியாளர் அறைக்குள் அவள் நுழைந்தாலே நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பும். நகராட்சியிலிருந்து அதிகாரி வந்துபோனால் அன்றைக்கு அவர். சமையல்காரர் யாரிடமாவது சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு அவர்.

அதில் தப்பு இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அழுகிறவர்களைக் குளிப்பாட்டி, உதைக்கிற கால்களுக்குச் செருப்பு மாட்டி, என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்ற ஒரே கேள்விக்குக் காலையிலிருந்து பதில் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வேண்டாமா? சிரிக்கத் தெரியாதவர்கள் இந்த வேலையில் நிலைக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி. அவள் நிலைத்தவள். முரண்டு பிடிக்கிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். கலங்கிப்போன முதியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஓல்போர் நகரத்தில் நடந்த பயிற்சிக்கு இல்லத்தின் சார்பில் போய்வந்தவளும் அவள்தான். சொல்லோடு மல்லுக்கட்டாதே, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பயத்தோடு பேசு என்று அங்கே சொல்லிக் கொடுத்ததைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் வாயில் அகப்பட்டவர் தாக்னி.

தாக்னி அந்த ஊர்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் எழுத்துக் கற்றவர்கள். இப்போது மறதி நோய். காலையில் சாந்தமாக இருப்பார். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தால் சாப்பிடுவார், ஜன்னல் வழியே கடற்காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மதியம் தாண்டி வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ஏதோ ஒன்று அவரைப் பிடித்துக்கொள்ளும். நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு தலையையும் கண்ணால் எண்ணுவார். பிறகு ஆரம்பிக்கும்.

"ஒரு பிள்ளை குறையுது. யாரும் நகராதீங்க. ஒரு பிள்ளை குறையுது."

பத்து ஊருக்குக் கேட்கிற குரல். விளையாட்டு மைதானத்தில் பழகிய குரல். அதன் முடிவில் மட்டும் ஒரு நடுக்கம் இருக்கும். கடைசி எழுத்தை இழுத்து, இழுத்ததைத் தாங்க முடியாமல் உடைந்துபோகும்.

"இங்க பிள்ளைங்க யாரும் இல்லை தாக்னி. நீங்க ரிட்டயராகி ரொம்ப நாளாச்சு. காபி குடிங்க," என்பார்கள் வேலையில் இருப்பவர்கள். அவர் இன்னும் உரக்கக் கூப்பிடுவார். மற்ற முதியவர்கள் எரிச்சலாகித் தட்டைத் தட்டுவார்கள்.

அந்த நேரத்தில் அவரை அடக்க முடிந்தவர் ஒருவர்தான், அவர் கணவர் தோர்கில். துறைமுகத்தில் மீன்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். பெரிய உடம்பு, பெரிய கைகள், குறைவான பேச்சு. தினமும் மதியம் சைக்கிளில் வந்துவிடுவார். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன ஏதோ ஒரு நாளில் இருப்பதாக நினைக்கும் மனைவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "பஸ் இன்னும் கிளம்பலை தங்கம். நேரம் இருக்கு. வரட்டும்," என்பார். சில நாள் அது வேலை செய்யும். சில நாள் செய்யாது. ஆனாலும் எதற்கும் அவர் குரலை உயர்த்தியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பணியாளர் அறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அஸ்ரா ரை ரொட்டியின் மேல் ஈரல் விழுதைத் தடவியபடி, "நேத்து சாயங்காலம் தாக்னி எப்படி?" என்று கேட்டாள். அவள் சின்ன வயதில் பெற்றோரோடு போஸ்னியாவிலிருந்து வந்தவள், மெரெத்தெக்கு நெருங்கிய தோழி.

"எப்படியா? இரு, காட்டறேன்."

மெரெத்தெ பக்கத்தில் மடித்து வைத்திருந்த மேசைத் துணியைச் சால்வையாகத் தோளில் போட்டுக்கொண்டாள். நாற்காலியின் கைகளைப் பற்றி நிமிர்ந்தாள். ஒவ்வொருவரையும் கண்ணால் எண்ணினாள். அப்போதே அஸ்ரா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு பிள்ளை குறையுது. யாரும் நகராதீங்க. அஸ்ரா, வாயில என்ன, ரொட்டியா? துப்பு. ஒரு பிள்ளை குறையுது."

அஸ்ராவுக்குப் புரையேறியது. இல்லத்தின் மேலாளர் லிஸ்பெத் உரித்துக்கொண்டிருந்த முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும்டி மெரெத்தெ, வயிறு வலிக்குது." அந்தப் பேச்சு மெரெத்தெயை இன்னும் தூக்கிவிட்டது. முந்தின நாள் காரில் வீட்டுக்குப் போகும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை இப்போது எடுத்துவிட்டாள். கடைசி எழுத்தை இழுத்தாள். கீழுதட்டை நடுங்கவிட்டாள். இழுத்த குரலை அப்படியே உடைத்தாள்.

கதவின் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் சிரிப்பு முதலில் நின்றது. அங்கிருந்து அது மேசையோரமாக ஒவ்வொருவராக நின்றுகொண்டே வந்தது. மெரெத்தெ திரும்பிப் பார்த்தாள். காலி காபிக் கூஜாவோடு தோர்கில் நின்றுகொண்டிருந்தார்.

"காபி தீர்ந்துடுச்சு," என்றார். "கேட்டு வாங்கலாம்னு வந்தேன்."

லிஸ்பெத் எழுந்து கூஜாவை வாங்கிக்கொண்டாள். இயந்திரத்தில் காபி நிறைய வெகுநேரம் பிடித்தது. தோர்கில் மெரெத்தெயின் தோளில் கிடந்த துணியைப் பார்த்தார். அவள் அதை எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தால் அது இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுபோல அசையாமல் இருந்தாள்.

"குரல் அப்படியே இருக்கு," என்றார் அவர். "அந்தக் கடைசி இழுப்புகூட."

நன்றி சொல்லிக் கூஜாவை வாங்கிக்கொண்டு போனார்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றாள் லிஸ்பெத், கதவு சாத்தியதும்.

"மந்தமா இருந்தா கடைசி இழுப்பு எப்படிக் கேட்டுச்சாம்?" என்றாள் அஸ்ரா. பிறகு தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மெரெத்தெயின் காதுமடல் இரண்டும் எரிந்தன. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு காரை ஓட்டினாள்.

புகார் வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கண்டிப்பு, ஒரு மன்னிப்பு, அதோடு முடிந்திருக்கும். தோர்கில் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் எப்போதும்போலத் தலையசைத்தார். நடைபாதையில் அவரைத் தனியாகப் பிடித்தாள். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனத்தில் கோத்து வைத்திருந்தாள்.

"தோர்கில், நேத்து அந்த ரூம்ல நடந்தது..."

"நேத்து காபி நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

அவளுக்குச் சட்டென்று மூச்சு விட முடிந்தது. தப்பித்தோம் என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை நினைத்துத்தான் அன்று முழுக்கக் கூசிப் போனாள்.

அதன்பின் தாக்னிக்கு அவள் கையால் கிடைத்த கேக் துண்டெல்லாம் பெரிய துண்டாக இருந்தது. கம்பளிக் காலுறை சூடேற்றப்பட்டு வந்தது. தோர்கில் உட்காரும் நாற்காலியில் மெத்தை வைத்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். லஞ்சம் கொடுப்பதுபோல இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் கதவு மூடப்பட ஆரம்பித்தது.

முன்பெல்லாம் தோர்கிலும் தாக்னியும் கூடத்தில் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார்கள். இப்போது வெளிச்சம் மங்குவதற்கு முன்னாலேயே அவர் மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூடம் அமைதியானது. மற்ற முதியவர்கள் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

"அப்பாடா, இப்பல்லாம் சாயங்காலம் காது குளிருது," என்றாள் அஸ்ரா. "மனுஷன் என்ன மந்திரம் போட்டாரோ."

ஒருநாள் மெரெத்தெ பழச்சாறு எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் தட்டினாள். தட்டிய கையோடேயே திறந்தும் விட்டாள். அது அவளுடைய பழக்கம்.

தோர்கில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை தாக்னியின் வாயை மூடியிருந்தது. ரேகைகளில் எஞ்சின் எண்ணெய் போகாமல் தங்கிவிட்ட அந்தப் பெரிய கை, முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அழுத்தவில்லை. இடது கையால் மனைவியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். கைக்கு மேலே தாக்னியின் கண்கள் அகலமாக விழித்தபடி இருந்தன.

"ஷ்ஷ், தங்கம். கேக்குது. அவங்களுக்குக் கேக்குது."

மெரெத்தெயைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தாக்னி வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது.

"மத்தவங்களுக்குத் தொந்தரவு," என்றார் தோர்கில் தரையைப் பார்த்து.

அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மெரெத்தெக்குத் தெரியும். இப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். புதியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பஸ் இன்னும் கிளம்பவில்லை என்று பொறுமையாகப் பதில் சொன்ன மனிதர் இப்படி ஆனது எப்போதிலிருந்து என்று கேட்பார்கள்.

"வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

பழச்சாற்றை மேசையில் வைத்தாள். வெளியே வந்தாள். கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.

தாக்னி மோசமானார். கரண்டி வாயருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் துடைக்கப் போன அஸ்ராவின் மணிக்கட்டைக் கீறிவிட்டார். எந்தக் கை முகத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். உடம்பு மெலிந்து உடை தளர்ந்தது. என்ன காரணம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மெரெத்தெக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டே, "நோய் அடுத்த கட்டத்துக்குப் போகுதோ என்னவோ," என்று அஸ்ராவிடம் சொன்னாள்.

நவம்பரில் ஒரு பிற்பகல் லிஸ்பெத்தின் அறையில் கூட்டம் போட்டார்கள். டாக்டர் வந்திருந்தார், நிதானமாகப் பேசும் இளம் பெண். தோர்கில் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தாக்னிக்குப் பொறுப்பான பணியாளர் என்பதால் மெரெத்தெயும் இருந்தாள்.

"அமைதிப்படுத்துற மருந்து ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "தூக்கக் கலக்கம் வரும். கீழ விழுற வாய்ப்பும் கூடும். கோடைக்காலத்துல இதைப் பேசினப்போ வேண்டாம்னு சொல்லிட்டீங்க."

"இப்போ குடுங்க," என்றார் தோர்கில்.

"மனசு மாறினதுக்கு ஏதாவது காரணம்?"

"அவ சத்தம் போடாம இருந்தா போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்."

லிஸ்பெத் பேனாவைத் திருகினாள். மெரெத்தெ தன் குரலைத் தானே கேட்டாள்.

"நான்தான் காரணம். மருந்து வேண்டாம் டாக்டர். தாக்னி மாதிரி பேசிக் காட்டினேன், சாப்பிடற ரூம்ல. எல்லாரும் சிரிச்சோம். தோர்கில் வாசல்ல நின்னு கேட்டுட்டார். அதிலிருந்துதான் அவர் அவங்களை ரூமுக்குள்ள அடைச்சு, வாயை..."

அங்கே நின்றாள். நின்றது பிரயோஜனமில்லை.

"வாயை?" என்றார் டாக்டர்.

மெரெத்தெ தோர்கிலைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் தன் குற்றத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்து வந்தாள். சொல்ல வாயைத் திறந்ததும் அதோடு சேர்ந்து அவருடையதும் வெளியே வந்து விழுந்துவிட்டது.

"பொத்தினேன்," என்றார் தோர்கில். வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். "இந்தக் கையால. ஒரு நாள் இல்லை. பல நாள்." பிறகு மெரெத்தெயின் பக்கம் திரும்பினார். "உங்க பாரத்தை இறக்கிட்டீங்க. சரி. அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?"

எழுந்து போனார். கதவை அறைந்து மூடவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார்.

டாக்டர் மருந்தை இப்போதைக்குத் தள்ளிவைப்போம் என்றார். தோர்கில் வரும் நேரத்தில் கொஞ்ச காலத்துக்கு யாராவது ஒருவர் கூட இருக்கட்டும் என்றார். அவர் கிளம்பிப் போன பிறகு லிஸ்பெத் மேசையின் அந்தப் பக்கம் இருந்தபடி, "என்கிட்ட முதல்லயே வந்து சொல்லியிருக்கணும் நீ," என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

"வெளியாள் முன்னாடி, அந்த மனுஷனை வெச்சுக்கிட்டு..."

"நீங்களும் அன்னிக்கு அந்த ரூம்லதான் இருந்தீங்க லிஸ்பெத்."

லிஸ்பெத்தின் கழுத்து சிவந்தது. "தெரியும்," என்றாள். "சிரிச்சேன். அதையும் சேர்த்துத்தான் மேல சொல்லணும். போ."

மெரெத்தெ வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. சைக்கிள் கொட்டகையில் தோர்கில் பூட்டைத் திறக்க முடியாமல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். சாவி பூட்டின் வாயில் நுழையாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவள் கொட்டகையின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னா வேண்டாம்," என்றார் நிமிராமல்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். வேண்டாம்னா கேக்கலை."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் அவர் பேச்சைக் கேட்க அவள் இரண்டடி கிட்டே போக வேண்டியிருந்தது.

"அவளுக்கு இந்த மறதி ஆரம்பிச்ச புதுசு. வெள்ளிக்கிழமையானா என் கூட்டாளிங்க சீட்டாட வீட்டுக்கு வருவாங்க. தாக்னி ரொட்டியும் மீனும் கொண்டுவந்து வெப்பா. அப்பவே அவளுக்குப் பேரெல்லாம் குழம்ப ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தனை அவன் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. ரெண்டு தடவை காபி குடுப்பா. ஒரு நாள் அவ சமையலறைக்குப் போனதும் நான் அவளை மாதிரி பேசிக் காட்டினேன்." ஒரு கணம் நிறுத்தினார். "உங்க அளவுக்கு வரலை. ஆனா சிரிச்சாங்க. சிரிச்சதும் இன்னும் கொஞ்சம் பண்ணினேன். திரும்பிப் பார்த்தா வாசல்ல நிக்கிறா, தட்டோட."

மெரெத்தெ கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டைக் கொண்டுவந்து மேசைல வெச்சா. சாப்பிடுங்கன்னு சொன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் அவ முன்னறைக்கு வரலை. நான் ஒரு வார்த்தை கேக்கலை, அவ ஒரு வார்த்தை சொல்லலை. மறந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன். மறக்கற வியாதிதானே. எனக்கு அது வசதியா இருந்துச்சு." முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையின் பின்புறத்தால் துடைத்தார். "அன்னிக்குக் கூஜாவோட நின்னப்போதான் தெரிஞ்சுது, அவ அன்னிக்கு எந்த இடத்துல நின்னான்னு. நான் போய் உங்க மேல என்ன புகார் குடுக்கறது?"

கூடத்தின் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. அதன் வழியே தாக்னியின் குரல் வெளியே வந்தது. ஒரு பிள்ளை குறையுது. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்று அதைக் கேட்டார்கள். எத்தனையோ நாள் கழித்து மெரெத்தெ அந்தக் குரலை வாயில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்காமல், வெறுமனே கேட்டாள். அது பயந்து நடுங்கும் ஒருத்தியின் குரலாக இருந்தது.

"போங்க உள்ள," என்றாள்.

"கையைப் பார்த்தா பயப்படறா. எந்த முகத்தோட போறது?"

"எனக்கும் அதேதான். சேர்ந்து போலாம்."

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் அஸ்ரா தாக்னியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். "பிள்ளைங்க இல்லை தாக்னி, பாருங்க, யாருமே இல்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாக்னியின் முகம் அதைக் கேட்கக் கேட்க வெளிறியது. ஒரு பிள்ளையைக் காணோம் என்று தவிக்கிற ஆசிரியையிடம் ஒருவர்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மெரெத்தெக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவள் வாயிலிருந்தும் வந்தது இதே பதில்தான். பயிற்சி முடித்துவிட்டு வந்த பிறகும்.

அவள் அஸ்ராவின் தோளைத் தொட்டு நகரச் சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தோர்கில் சற்றுத் தள்ளிச் சுவரோரமாக நின்றுகொண்டார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி.

"தாக்னி," என்றாள் மெரெத்தெ, பயிற்சியில் கற்ற மெத்தென்ற குரலில். "நீங்க ரொம்பக் கவலையா இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது."

தாக்னி அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்படிப் பேசாத. நான் என்ன நாய்க்குட்டியா?"

சுவர்ப்பக்கம் தோர்கிலின் தொண்டையில் ஒரு சத்தம் வந்து அடங்கியது. மெரெத்தெக்கு மறுபடியும் காது சுட்டது. இந்தக் குரலும் வேறு யாரிடமிருந்தோ எடுத்ததுதான். தாக்னிக்கு அது தெரிந்துவிட்டது. தன்னுடைய குரல் எது என்று அவளுக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "யாரைக் காணோம்?"

தாக்னி நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "அவன்தான். எப்பவும் கடைசியா வர்றவன்."

"ஏன் கடைசியா வர்றான்?"

"ஷூ கட்டத் தெரியாது. கட்டிவிடுங்கன்னு யாரையும் கேக்கவும் மாட்டான். வெக்கம். உக்காந்து தானே முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பான். மத்தவங்க நடந்துடுவாங்க." கண்கள் கூடத்தின் கோடியில் இருந்த கதவுக்குப் போயின. "கடல் பக்கத்துல இருக்கு."

"பயமா இருக்கா?"

"பயம் இல்லாம?" என்றார் தாக்னி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "என்னை நம்பித்தானே அனுப்பியிருக்காங்க."

அவன் பத்திரமாக வந்துவிட்டான் என்று பொய் சொல்லலாம். அதற்கு நாக்கு எழவில்லை. "அவன் வர்ற வரைக்கும் நானும் உங்ககூட உக்காந்திருக்கேன்," என்றாள்.

"நீ எண்ணுவியா?"

"எண்ணறேன். நீங்க கதவைப் பாருங்க."

தாக்னி கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நாற்காலியை விட்டு மெரெத்தெயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. தாக்னி ஒருமுறை "வருவான்" என்றார், கூப்பிடவில்லை. தோர்கில் சுவரோரம் நின்றபடியே, "நாப்பது வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட நீ தொலைச்சதில்லை தங்கம்," என்றார். தாக்னி அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுத் தோளைக் குறுக்கிக்கொள்ளவும் இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தாக்னி அதன்பிறகும் கூப்பிட்டார். சில நாள் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அடங்கவில்லை. ஆனால் கரண்டிக்கு வாய் திறக்க ஆரம்பித்தார். மருந்துப் பேச்சு மறுபடி எழவில்லை. மெரெத்தெக்கு நகராட்சியிலிருந்து எழுத்தில் கண்டிப்பு வந்தது. லிஸ்பெத்துக்கும் வந்தது. ஊர் சின்னது, விஷயம் மளிகைக் கடை வரைக்கும் போனது. தாக்னியிடம் படித்தவர்கள் சிலர் மெரெத்தெயைக் கண்டால் காய்கறித் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் அவர்களைக் குறை சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

தோர்கில் வரும்போது யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இரண்டு மாதம் நீடித்தது. அந்த அவமானத்தை அவர் எப்படித் தாங்கினார் என்று மெரெத்தெக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு பணியாளர் கம்பளி பின்னிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ உட்கார்ந்திருக்க, மனைவியோடு அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான நாள் அந்தப் பணியாளர் மெரெத்தெதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் அறிந்த இரண்டு பேர் ஒரே அறையில் இருப்பது எளிதாக இல்லை. ஆனாலும் இருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் தாக்னி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். மெரெத்தெ கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றார் தோர்கில், குரலைத் தாழ்த்தி.

"நினைக்கலை."

"என்னை மன்னிக்கறதே இன்னும் பாக்கி. அது முடிஞ்சாத்தான் அடுத்தது." தாக்னியின் போர்வையைச் சரி செய்தார். "வியாழக்கிழமை வேலைல இருப்பீங்களா? நான் கண் ஆஸ்பத்திரிக்கு ஓல்போர் போகணும். திரும்பி வர இருட்டிடும். சாயங்காலம் அவகூட யாராவது உக்காரணும்."

"வியாழன் எனக்கு லீவு."

"ஓ. சரி, அஸ்ராவைக் கேக்கறேன்."

"வேண்டாம்," என்றாள் மெரெத்தெ. "நான் வர்றேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் சுட, கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.